பழுதைத் தேடும் பழக்கம் எங்கே கிடைக்கும்?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எலக்ட்ரானிக்ஸ் மாதிரிகளுக்குக் குறைவே இல்லை. கை தட்டினால் எரியும் விளக்கு, எதிரே சுவர் வந்தால் திரும்பிக்கொள்ளும் குட்டி ரோபோ, மண் காய்ந்தால் தானே ஓடும் பம்ப் என்று எல்லாமே கச்சிதமாக வேலை செய்கின்றன. பக்கத்தில் நிற்கும் மாணவர் விளக்கத்தையும் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பார். "இந்த விளக்கு எரியாமல் போனால் முதலில் எங்கே பார்ப்பாய்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். பிள்ளையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அது கடையில் வாங்கிய 'கிட்'. ஒயர்கள் அளவாக வெட்டப்பட்டு, எதை எதில் சொருகுவது என்று நிறம் குறிக்கப்பட்டு, பெட்டிக்குள் வந்தது. இன்னும் மேலே போனால், பொறியியல் கல்லூரி இறுதியாண்டு பிராஜெக்ட்டை விலைக்குச் செய்து கொடுக்கும் 'பிராஜெக்ட் சென்டர்'கள் நம் நகரங்களில் பெயர்ப்பலகை வைத்தே நடக்கின்றன. பள்ளியில் தொடங்கிய பழக்கம் பட்டம் வாங்கும் வரை தொடர்கிறது.

உதிரி பாகங்களை வாங்கிவந்து, வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, உபயோகமான சின்னக் கருவி ஒன்றைத் தானே செய்து பார்ப்பதை நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். ஓடாத ஒன்றை எடுத்து, ஏன் ஓடவில்லை என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும் திறனை நம் கல்விமுறை பெரும்பாலும் சோதிப்பதில்லை. குறைந்த செலவில், பெரிய ஆபத்து இல்லாமல் அந்தத் திறனைப் பழக வீட்டு எலக்ட்ரானிக்ஸைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இதைக் கல்வியின் ஒரு பகுதியாகவே நடத்த வேண்டும் என்பது என் வாதம்.

பாடத்திட்டத்தில் எலக்ட்ரானிக்ஸ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிளஸ் 2 இயற்பியலில் குறைக்கடத்திகளுக்குத் தனி அலகே உண்டு. டையோடு, செனர் டையோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் வரைகோடுகள், லாஜிக் கேட்டுகளின் மெய்மை அட்டவணை, டி மார்கன் தேற்றம் எல்லாம் செய்முறைப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால், வரைகோடு எப்படி வளைய வேண்டும் என்பது சோதனை தொடங்கும் முன்பே மாணவருக்குத் தெரியும். முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டில் அது அழகாக வரையப்பட்டிருக்கிறது. மீட்டர் முள் அசையவில்லை என்றால் ஆய்வக உதவியாளர் வருவார். ஒயரை ஆட்டிப் பார்ப்பார். "லூஸ் கான்டாக்ட்" என்று சொல்லித் திருகை முறுக்கிவிட்டுப் போவார். அந்த அறையில் அன்றைக்கு உண்மையில் எலக்ட்ரானிக்ஸ் செய்தவர் அவர் ஒருவர்தான். மாணவருக்கு அதைக் கவனிக்க நேரம் இருப்பதில்லை. அட்டவணையை நிரப்பியாக வேண்டும், மதிப்பெண் அதற்குத்தான்.

வீட்டில் செய்யும்போது என்ன மாறுகிறது என்பதைப் பார்க்க ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஓடிப்போய் நிறுத்துவது நம் ஊர் வீடுகளில் வாடிக்கை. தொட்டி நிரம்பியதும் கீழே ஒலி எழுப்பும் ஓர் அலாரம் செய்ய 9 வோல்ட் பேட்டரி, பிசி547 என்ற டிரான்சிஸ்டர், 10 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், தொட்டியின் வாய்ப்பக்கம் வரை போகும் இரண்டு ஒயர்கள் இருந்தால் போதும். ஒரு ஒயர் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்புகிறது. இன்னொன்று ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் 'பேஸ்' என்ற காலில் வந்து சேர்கிறது. தண்ணீர் ஏறி இரண்டு நுனிகளையும் தொட்டதும் அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். இரண்டு நுனிகளுக்கும் நடுவே தண்ணீரின் தடை 50 கிலோஓம் என்றும், பேஸ், எமிட்டர் இரண்டுக்கும் இடையே 0.7 வோல்ட் விழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பேஸுக்குள் போவது சுமார் 0.14 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டரின் பெருக்கம் 200 என்றால் பஸ்ஸர் வழியாக சுமார் 28 மில்லி ஆம்பியர் வரை விட முடியும். சிறிய பஸ்ஸர் ஒலிக்க அது தாராளம். பிளஸ் 2 மாணவர் ஓம் விதியை வைத்தே போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

கணக்கு சரி, ஆனால் முதல் முறை பேட்டரியை இணைத்ததும் பஸ்ஸர் ஒலிப்பது அரிது. பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒலிக்காததற்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். பேட்டரி பழையதாக இருக்கலாம், மல்டிமீட்டரில் 8.5 வோல்ட் காட்டிவிட்டு, பஸ்ஸரை இணைத்ததும் பாதிக்குச் சரிந்துவிடும். பஸ்ஸரின் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கலாம். டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கலாம். தட்டையான பக்கம் நம்மைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் பிசி547க்கு இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே உருவத்தில் இருக்கும் 2என்3904க்கு இந்த வரிசை தலைகீழ். கடையில் பிசி547 இல்லை என்று அதைக் கொடுத்திருந்தால், படத்தைப் பார்த்துச் சரியாகச் செய்தவருக்கும் சுற்று ஒழுங்காக வேலை செய்யாது. ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகையான பிரெட்போர்டின் துளைக்குள் ஒயர் நுனி சரியாகப் பிடிக்காமலும் இருக்கலாம். இவற்றில் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி செய்வது அவசரக்காரர் வழி. பழகியவர் முதலில் தொட்டிக்குப் போகும் இரண்டு ஒயர் நுனிகளையும் நேரடியாக ஒன்றோடொன்று தொட வைப்பார். பஸ்ஸர் ஒலித்தால் சுற்றில் குற்றமில்லை, பிரச்சினை தண்ணீர்ப் பக்கம். ஒலிக்காவிட்டால் தண்ணீரை மறந்துவிட்டுச் சுற்றுக்குள் தேடலாம். ஒரே சோதனையில் சந்தேகத்தில் பாதி கழிந்துவிடுகிறது. அடுத்து, நுனிகள் தொட்டபடி இருக்கும்போதே பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டரை வைத்தால் மீதியிலும் பாதி கழியும். 0.7 வோல்ட் காட்டினால் உள்ளீடு வந்து சேர்ந்துவிட்டது, பஸ்ஸர் பக்கம் பார்க்க வேண்டும். சுழியம் காட்டினால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

கீழே மேசையில் ஒலித்த அலாரம் மாடிக்குப் போனதும் வேறு பாடம் எடுக்கும். போர் தண்ணீரில் உப்பு அதிகம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். குடிநீரில் கரைந்த திடப்பொருட்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இந்த இடைவெளியே சுற்றின் போக்கை மாற்றிவிடும். பக்கத்து வீட்டில் உரக்கக் கத்தும் அதே அலாரம், மழைநீர் நிறைந்த தொட்டியில் முனகக்கூடும். தண்ணீரின் தடை 500 கிலோஓம் ஆகிவிட்டால் மேலே போட்ட கணக்கில் 28 மில்லி ஆம்பியர் 3 மில்லி ஆம்பியராகச் சுருங்கிவிடும். அப்போது இரண்டு டிரான்சிஸ்டர்களை அடுக்காக இணைத்தால் பெருக்கம் பெருக்கத்தோடு பெருகும் என்ற 'டார்லிங்டன் ஜோடி' மாணவருக்குப் புரியும். தேவையிலிருந்து வந்ததால் மறக்கவும் மறக்காது. சில வாரங்கள் போனால் இன்னொரு பழுது வரும். தண்ணீரில் முங்கியிருக்கும் செம்புக் கம்பிகளில் பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி மட்டும் அரித்துப் பச்சை பூத்து நிற்கும். ஒரே திசையில் மின்னோட்டம் போனால் ஆனோடு கரையும் என்ற வேதியியல் பாடத்தின் மின்னாற்பகுப்பு, மொட்டைமாடியில் கண்ணெதிரே நடக்கிறது. கரைந்த செம்பு போய்ச் சேர்வது வீட்டுத் தண்ணீரில் என்பதால் இதைச் சரிசெய்யாமல் விடவும் கூடாது. எவர்சில்வர் கம்பிக்கு மாறலாம். மோட்டார் ஓடும்போது மட்டும் அலாரத்துக்கு மின்சாரம் போகும்படி வைக்கலாம். திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தைக் கொடுக்கலாம். மின் இணைப்பு தண்ணீரைத் தொடாத மிதவை சுவிட்ச்சைப் போடலாம். ஒவ்வொன்றிலும் ஒரு லாபம், ஒரு நட்டம் உண்டு. எதை ஏற்பது என்று பதினாறு வயதில் ஒருவர் உட்கார்ந்து யோசிக்கிறார் என்றால், அது பொறியியலின் முதல் வகுப்பு.

முதலில் தடுமாறவிட்டுப் பிறகு சொல்லிக்கொடுப்பது நல்லதா, முதலிலேயே தெளிவாகச் சொல்லிக்கொடுப்பது நல்லதா என்பது கல்வி ஆய்வாளர்கள் நீண்ட காலமாக வாதிட்டுவரும் கேள்வி. சிங்கப்பூரில் பணியாற்றிய மனு கபூர் 2008ல் 'பயனுள்ள தோல்வி' என்ற கருத்தை முன்வைத்தார். மாணவர்களிடம் கடினமான கணக்கை முதலில் கொடுத்து, அவர்கள் தாங்களாக முட்டி மோதிய பிறகு பாடம் நடத்தினால், அடிப்படைக் கருத்து இன்னும் ஆழமாகப் பதிகிறது என்பது அவருடைய முடிவு. 2021ல் அவரும் தன்மய் சின்ஹாவும் 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பொதுவாக இதே முடிவு கிடைத்தது. ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு இது பொருந்தவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே எட்டு வயதுக் குழந்தையின் கையில் உதிரி பாகங்களைக் கொடுத்து நீயே தடுமாறிக் கற்றுக்கொள் என்று விடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு மேல்தான் இந்தப் பேச்சு. தடுமாறிய பிறகு விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்பதும் இந்த ஆய்வுகளிலிருந்தே தெரிகிறது. தோல்வியோடு விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறுப்புதான்.

தொழில் நிபுணர்கள் முதல் முறையிலேயே சரியாகச் செய்துவிடுவார்கள் என்ற எண்ணமும் பொதுவில் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பழகும் எல்லோரும் ஒருநாள் கையில் எடுக்கும் 555 டைமர் சில்லு 1972ல் சந்தைக்கு வந்து இன்றும் விற்கிறது. அதை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட். 1971ல் அவர் முதலில் போட்ட வடிவமைப்புக்கு ஒன்பது கால்கள் வேண்டியிருந்தன. அது மறு ஆய்வைக் கடந்தும்விட்டது. ஆனாலும் அவர் அதோடு நிறுத்தவில்லை. உள்ளே இருந்த ஒரு பகுதியை நீக்கிவிட்டு வேறு வழியில் யோசித்து, எட்டுக் கால்களுக்குள் அடக்கினார். சிறிய, மலிவான பொட்டலத்தில் அந்தச் சில்லு வெளிவர முடிந்தது அதனால்தான். சில்லை வார்க்கும் முன் தனித்தனிப் பாகங்களைக் கையால் இணைத்து ஓட்டிப் பார்ப்பதே அன்றைய வழக்கம். வீட்டு மேசையில் பிரெட்போர்டை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் செய்யும் வேலையும் அதே வகையைச் சேர்ந்தது.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு எளிமையானது: தண்ணீர்த் தொட்டி அலாரம் கடையிலேயே சொற்ப விலைக்குக் கிடைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு? உண்மைதான். வீட்டுக்கு அலாரம்தான் வேண்டும் என்றால் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். கடை அலாரம் பார்க்க நன்றாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். செலவையும் நேரத்தையும் கூட்டினால் வீட்டில் செய்தது விலை கூடுதல்தான். அதை மறைத்துச் சிக்கனத்தின் பேரில் இந்தப் பழக்கத்தை விற்க முயல்வது நேர்மை ஆகாது. ஆனால், கடை அலாரம் நின்றுபோனால் குப்பைக்குப் போகும். உலகம் முழுவதும் 2022ல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. பழுதுபார்க்க முடியாதபடி ஒட்டி மூடும் நிறுவனங்களுக்கு இதில் பெரிய பொறுப்பு உண்டு. திறந்து பார்க்கவே துணியாத நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஒருமுறை சொந்தமாகச் சுற்று போட்டவருக்கு, நின்றுபோன ரிமோட்டையோ எமர்ஜென்சி விளக்கையோ திறந்து பார்க்கும் துணிச்சல் வந்துவிடுகிறது. துருப்பிடித்த பேட்டரி முனையைச் சுரண்டிவிடுவதும், ஈயப் பிடிப்பு விட்டுப்போன ('டிரை சால்டர்') இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி ஈயம் வைப்பதும் பல பொருட்களுக்கு மறுவாழ்வு தரப் போதுமானவை.

இரண்டாவது மறுப்பு இந்தக் காலத்துக்கு உரியது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சுற்றுப் படம், பாகப் பட்டியல், நிரல் எல்லாம் நொடியில் கிடைக்கின்றன. இனி இதைக் கையால் கற்பதற்கு என்ன அவசியம் என்கிறார்கள். படம் கிடைக்கும், சரி. படத்தில் சரியாக இருப்பது மேசையில் ஏன் ஓடவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கும். மூன்றாவது துளையில் ஒயர் பிடிக்கவில்லை என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. யாராவது மீட்டரை வைத்துப் பார்த்து, என்ன வோல்ட் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கே வைத்து அளப்பது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த உதவியும் பயன்படும். யூடியூபில் தமிழிலேயே நல்ல எலக்ட்ரானிக்ஸ் காணொளிகள் ஏராளமாக வந்துவிட்டன. வரவேற்க வேண்டிய விஷயம். அவற்றில் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் கடைசியில் ஓடிய சுற்றைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு முன் ஓடாமல் இருந்த நேரம் வெட்டப்பட்டுவிடுகிறது. பார்க்கும் மாணவருக்கோ தன்னுடையது மட்டும்தான் ஓடவில்லை என்று தோன்றிவிடுகிறது. காணொளி போடுபவர்கள் அந்த வெட்டிய பகுதியையும் போட்டால் பெரிய உபகாரம். எழுத்திலும் இந்தத் தேவை இருக்கிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றிய எழுத்தாளர் சுஜாதா, இந்தத் துறையைத் தமிழில் தெளிவாகவும் சுவையாகவும் எழுத முடியும் என்று காட்டிவிட்டார். பழுது கண்டுபிடிப்பதைத் தமிழில் படிப்படியாகச் சொல்லும் நூல்கள்தான் இன்னும் போதிய அளவில் இல்லை.

ஆபத்து பற்றிய பெற்றோரின் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைத் தொடும் எந்த வேலையும் பிள்ளைகளுக்குக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பழைய டிவியையும் கேமரா பிளாஷையும் திறக்கவிடக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவற்றின் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். லித்தியம் பேட்டரிகளை உதிரியாக வாங்கி ஈயம் வைப்பதும் கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும். இவற்றை விலக்கிவிட்டு 9 வோல்ட் பேட்டரியோ, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு முத்திரை உள்ள 5 வோல்ட் அடாப்டரோ கொண்டு செய்தால் ஷாக் பயம் இல்லை. மீதி இருப்பது சால்டரிங் அயர்ன். அதன் முனை 300 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகும்; விரலில் பட்டால் கொப்பளிக்கும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. எழும் புகை சால்டருக்குள் இருக்கும் ரோசின் என்ற பிசினுடையது. அது நெஞ்சுக்கு ஆகாது என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். ஈயம் கையில் ஒட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் அயர்னே வேண்டாம் என்றாலும் பிரெட்போர்டில் பல மாதம் பழகலாம். அடுப்படியில் தோசைக்கல்லையும் கொதிக்கும் எண்ணெயையும் கையாளப் பிள்ளைகளைப் பழக்கும் வீட்டில் இந்த எச்சரிக்கைகள் தாங்க முடியாத சுமை ஆகிவிடாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. இதெல்லாம் தனி அறையும் மேசையும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எங்கே நடக்கும்? அதே வீட்டில் பையனுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம் பெண்ணுக்குக் கிடைக்கிறதா? நியாயமான கேள்விகள். பாகங்களின் விலை தடையாக இல்லை; டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் சில்லறைக் காசு. மல்டிமீட்டர், பிரெட்போர்டு, அயர்ன் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் ரூபாயில் அடங்கும். அந்த ஆயிரம் பல வீடுகளுக்குப் பெரிய தொகை என்பதும், கருவியை வைக்க இடம் இல்லை என்பதும்தான் சிக்கல். அதற்கு நம்மிடம் நூலகங்கள் இருக்கின்றன. புத்தகத்தை இரவல் கொடுப்பதைப் போலவே மல்டிமீட்டரும் பிரெட்போர்டும் அடங்கிய ஒரு பெட்டியையும் இரண்டு வாரத்துக்குக் கொடுக்கலாம். வார இறுதியில் ஒரு மேசையை ஒதுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலையிலிருந்து விலகி உட்கார அந்த மேசை ஒரு காரணமாகவும் இருக்கும். பாகங்கள் வாங்கச் சென்னைக்காரருக்கு ரிச்சி தெரு இருக்கிறது. சிறு ஊர்க்காரருக்குத் தபாலில் வர நாளாகும். ஒரு ரெசிஸ்டருக்காக ஆகும் தபால் செலவு அதன் விலையைப் போலப் பல மடங்கு. பொதுவில் ஒரு பெட்டி இருப்பது அந்த ஊர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்று கேட்பார்கள். கடைத்தெருவில் இருக்கிறார்கள். ரேடியோ, டிவி, செல்போன் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளில் பலருக்குப் பட்டம் கிடையாது. ஆனால் பழுதைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. மீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு அறுந்திருக்கிறதா என்பது) வைத்துப் பார்த்து, எரிந்த வாடையை மோந்து, போர்டை லேசாக விரலால் அழுத்திப் பார்த்து அவர்கள் ஒரு முடிவுக்கு வரும் விதத்தை எந்தப் பாடநூலும் எழுதிவைக்கவில்லை. கோவையின் ஜி.டி. நாயுடு பெரிய படிப்பு இல்லாமல், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்த்துத்தான் இயந்திரங்களைக் கற்றார் என்று நூற்றாண்டு கடந்தும் பெருமையாகப் பேசுகிறோம். அதே வாயால் "படிக்கலைன்னா மெக்கானிக்காதான் போகணும்" என்று பிள்ளைகளை மிரட்டவும் செய்கிறோம். கைவேலையின் மீது நமக்குள்ள இந்த இளக்காரம் சாதியோடும் வர்க்கத்தோடும் பின்னிக் கிடப்பது. எலக்ட்ரானிக்ஸ் கல்விக்கு நேரும் கேட்டில் பெரும்பகுதி இதனால்தான். மாதம் ஒருநாள் ஊர் மெக்கானிக்கைப் பள்ளிக்கு அழைத்து, மதிப்பூதியம் கொடுத்து, மாணவர் முன்னால் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கச் செய்தால் பழுது தேடும் பாடமும் கைவேலைக்கு மதிப்பும் ஒருசேரக் கிடைக்கும்.

அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 2016 முதல் பள்ளிகளில் வருகின்றன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி; இதுவரை சுமார் 10,000 பள்ளிகள்; அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 அமைப்போம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் செய்முறை அறிவியலைக் கொண்டுபோகிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். என் கவலை, அவை எதை வெற்றி என்று கணக்கில் வைக்கின்றன என்பது. கண்காட்சியில் ஓடும் மாதிரிக்குப் பரிசு கொடுத்தால், ஓடுவது உறுதியான கிட்டையே பள்ளிகள் வாங்கும். ஆய்வகத்துக்கு வாங்கிய முப்பரிமாண அச்சு இயந்திரம் கைபடாமல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். ஆய்வகமும் மணி அடித்ததும் பூட்டப்படும். பழுது அப்படி மணிக்குள் அடங்காது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்து, காலையில் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியது அது. அதனால்தான் வீட்டுக்கு எடுத்துப் போகும் வசதியை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடியான அக்கறையும் உண்டு. 2024-25ல் இங்கிருந்து ஏற்றுமதியான எலக்ட்ரானிக்ஸ் பொருட்களின் மதிப்பு 1,400 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டின் மொத்த எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் நடப்பது பெரும்பாலும் தொகுப்பு வேலை. அந்த வேலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, குறிப்பாக இளம் பெண்களுக்கு, வருமானம் தருகிறது. அதைக் குறைத்துப் பேசுவது தவறு. ஆனால், நிறுவனம் கிளம்பினால் வேலையும் கிளம்பிவிடும் என்பதை 2014ல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது பார்த்தோம். இங்கேயே வடிவமைத்து இங்கேயே செய்யும் நிலைக்குப் போக வேண்டும் என்று அரசும் தொழில்துறையும் பேசுகின்றன. முதல் மாதிரி ஓடாதபோது ஒதுங்கிப் போகாமல் அதை நோண்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் இல்லாமல் வடிவமைப்பு நடக்காது. அவர்களை இருபத்திரண்டாம் வயதில் பயிற்சி வகுப்பு வைத்து உருவாக்கிவிடலாம் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. பிறந்தநாளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ரோபோ கிட் வாங்குவதற்குப் பதில் ஒரு மல்டிமீட்டரையும் கொஞ்சம் உதிரி பாகங்களையும் வாங்கிக் கொடுங்கள்; ஓடவில்லை என்று வந்து நிற்கும்போது நீங்கள் செய்து கொடுக்காதீர்கள், எங்கே வரை மின்சாரம் வந்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையால் செய்யக்கூடியது அதைவிடப் பெரிது, ஆனால் செலவில்லாதது. பிளஸ் 2 இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வியை மாற்றினால் போதும். சரியாக இணைக்கப்பட்ட சுற்றுக்குப் பதில், ஓர் இடத்தில் வேண்டுமென்றே பழுது வைத்த சுற்றை மாணவரிடம் கொடுக்க வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்க எந்தெந்த இடத்தில் அளந்தார், ஒவ்வோர் அளவிலிருந்தும் என்ன முடிவுக்கு வந்தார் என்று எழுதியதற்கு மதிப்பெண் தர வேண்டும். கடைசிவரை கண்டுபிடிக்காதவருக்கும் தேடிய முறை சரியாக இருந்தால் அதில் பெரும்பங்கு தர வேண்டும். இதற்கான மீட்டரும் டையோடும் டிரான்சிஸ்டரும் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குமாறு துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.